எடை குறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம்: ஒவ்வொரு பழக்கமாகப் பிடிக்க, நெல்லை வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாக்கிங், புரோட்டீன், தண்ணீர், மாத்திரை, நேரத்துக்குத் தூக்கம் என்று எல்லாவற்றையும் அன்றைக்கே ஆரம்பித்துவிட வேண்டும் என்ற வேகம் வரும். ஒரு வாரம் ஓடும். அப்புறம் வீட்டில் ஒரு விசேஷம், ஒரு நாள் தவறும், மறுநாள் அலுப்பு, அதோடு எல்லாமே கையைவிட்டுப் போய்விடும். எங்கள் அக்காவுக்கு இரைப்பையைச் சின்னதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் ஆன பிறகு சமைத்துக் கொடுத்தது, செக்கப்புக்குக் கூடப் போனது எல்லாம் நான்தான். பக்கத்துத் தெருவில் எடை குறைய இரைப்பை பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை) செய்துகொண்ட ஒரு அண்ணாச்சி வீட்டிலும் அடிக்கடி பேசுவோம். இவர்கள் இரண்டு பேரையும் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது, ஒரு பழக்கம் நிலைத்த பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும் என்பது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் சர்ஜனும் டயட்டீஷியனும் கொடுத்த தாள்தான் முதலில். அதற்கும் இதற்கும் எங்காவது வித்தியாசம் இருந்தால் அந்தத் தாளைப் பின்பற்றுங்கள், ஏனென்றால் உங்கள் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் அவர்கள்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது

ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒடுக்கமான குழாய் போல மிச்சத்தை விடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் இடம் அந்த வெட்டிய பகுதியில்தான் இருக்கிறது, அதனால் ஆரம்பத்தில் பசியே தெரியாது. பைபாஸில் இரைப்பையின் மேல்பக்கம் சுமார் 30 மில்லி பிடிக்கிற ஒரு சின்னப் பையை உண்டாக்கி, குடலின் முதல் பகுதியைத் தாண்டி நேராகக் கீழே இணைக்கிறார்கள். இரும்புச் சத்தையும் கால்சியத்தையும் உடம்பு அதிகம் உறிஞ்சுவது அந்தத் தாண்டிப் போன பகுதியில்தான். மாத்திரை ஏன் ஆயுசு முழுக்க என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான்.

எடை பெரும்பாலும் முதல் 12 முதல் 18 மாதங்களுக்குள் குறையும். பசி இல்லாத அந்தக் காலம்தான் பழகுவதற்குச் சரியான காலம். பசி மெல்லத் திரும்பி வரும், எல்லாருக்கும் வரும், அதற்குள் கையும் வாயும் பழகியிருக்க வேண்டும். அதனால் தானாகவே எடை இறங்குகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் வருடத்தை வீணாக்காதீர்கள்.

முதல் படி: மடக்கு மடக்காகத் தண்ணீர்

முதல் இரண்டு வாரத்துக்கு தண்ணீரும் வீட்டுக்குள் நடையும் டாக்டர் எழுதிய மாத்திரையும் போதும். அடுத்த படியில் சொல்கிற திரவச் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் உங்கள் பழக்கப் பட்டியலில் இருக்க வேண்டாம்.

ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்த ஆளுக்கு இப்போது இரண்டு மடக்குக்கு மேல் நெஞ்சுக்குள் நிற்கும். எங்கள் வீட்டில் இருமல் மருந்துப் பாட்டிலோடு வருகிற, கோடு போட்ட அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் கழுவி எடுத்துக்கொண்டோம். அதில் தண்ணீர் ஊற்றி அக்கா கையில் கொடுத்தால் கால் மணி நேரத்துக்கு உறிஞ்சுவாள், முடிந்ததும் மறுபடி ஊற்றுவோம். பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில், அதிலிருந்துதான் ஊற்ற வேண்டும், சாயங்காலம் பார்க்கும்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். நாளுக்கு ஒன்றரை லிட்டர், பிறகு இரண்டு லிட்டர் வரை கொண்டுபோக வேண்டும். முதல் நாளே அந்தக் கணக்கு வராது, பயப்படாதீர்கள், ஆனால் தினமும் கொஞ்சம் கூட வேண்டும்.

நம்ம ஊர் வெயிலில் இது சின்ன விஷயமே இல்லை. ஆபரேஷன் ஆனவர்கள் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப் ஏற்றிக்கொள்வதற்கு உடம்பில் நீர் வற்றிப்போவது ஒரு முக்கியமான காரணம். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது, எழுந்து நின்றால் தலை சுற்றுவது, நாக்கு ஒட்டுவது எல்லாம் அதன் அடையாளம். அக்னி நட்சத்திரத்தில் ஆபரேஷன் தேதி கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும்.

வெறும் தண்ணீர் குமட்டினால் வடிகட்டிய நீர்மோர், பார்லித் தண்ணீர், காரமில்லாத தெளிவு ரசம், அளவாக இளநீர் கொடுக்கலாம். கோலி சோடா, பன்னீர் சோடா, பாட்டில் கூல்டிரிங்க்ஸ் எதுவும் வேண்டாம், கேஸ் அந்தச் சின்ன வயிற்றைப் பாடாய்ப் படுத்தும். உறிஞ்சுகுழாய் போட்டுக் குடித்தாலும் காற்று சேர்ந்து உள்ளே போகும். நன்னாரி சர்பத்தும் பதநீரும் சர்க்கரைத் தண்ணீர்தான். பதநீர் மரத்திலிருந்து இறக்கியது, நல்லது, என்று ஆச்சி சொல்வது பாசத்தில், ஆனால் அதன் இனிப்பு உங்கள் குடலுக்குச் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும்.

இரண்டாவது படி: சாப்பாட்டின் பதம், வாரம் வாரமாக

பொதுவாக முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், பிறகு இரண்டு வாரம் முடியும் வரை பால், மோர், பருப்புத் தண்ணீர் மாதிரி திரவம், மூன்று நான்காம் வாரம் கூழ் பதம், ஐந்து ஆறாம் வாரம் கையால் மசிகிற மென்மையான சாப்பாடு, அதற்கப்புறம் மெல்ல மெல்ல வழக்கமான சாப்பாடு. உள்ளே தையல் போட்ட இடம் ஆறும் நேரம் இது. உடம்பு தாங்குகிறதே என்று ஒரு வாரத்தைத் தாண்டிக் குதிக்கக்கூடாது.

சமைக்கிறவர்களுக்கு இந்தப் பகுதி. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, நம்ம அடுப்படியிலேயே எல்லாம் இருக்கிறது. திரவ வாரங்களில் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மிக்சியில் அடித்து பால் வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து இறக்குங்கள், வடிகட்டியில் தங்குவதைத் தள்ளிவிடுங்கள். உப்பு, கொஞ்சம் சீரகப்பொடி, அவ்வளவுதான். பாலிலோ மோரிலோ டயட்டீஷியன் சொன்ன இனிப்பில்லாத புரோட்டீன் பவுடரைக் கட்டி தட்டாமல் கலக்கிக் கொடுங்கள்.

கூழ் வாரத்தில் உளுந்தங்கஞ்சிக்கு நிகர் இல்லை. வழக்கமாகப் போடுகிற கருப்பட்டியையும் தேங்காய்ப் பாலையும் விட்டுவிட்டு, உளுந்தைப் பால்விட்டு நைசாகக் கொதிக்கவைத்து ஏலக்காய் தட்டிப் போட்டால் போதும். ஸ்பூனைச் சாய்த்தால் மெல்ல வழிய வேண்டும், கட்டியாக நின்றால் இன்னும் பால் ஊற்றுங்கள். வேகவைத்த முட்டையைத் தயிரோடு மசித்தது, நைசாக அரைத்த சிறுபயறு, மசித்த பன்னீர் எல்லாம் இந்தக் கட்டத்துக்கு ஏற்றவை.

மென்மையான வாரங்களில் மீன் நல்ல துணை. சீலா, ஊளி மாதிரி சதை பிடிப்பான மீனை ஆவியில் வேகவைத்தோ, புளியும் காரமும் குறைத்த குழம்பில் போட்டோ, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு உதிர்த்துக் கொடுங்கள். சாளையும் நெத்திலியும் ருசிதான், முள்ளு பயத்தில் இப்போதைக்கு வேண்டாம். சைவ வீடுகளில் பன்னீர், சோயா, பருப்பு, தயிர் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும்.

கெட்டிச் சாப்பாட்டுக்கு வந்த பிறகும் பலருக்கு மூன்று சாமான்கள் நெஞ்சில் அடைக்கும்: உதிரிச் சோறு, ரொட்டி அல்லது புரோட்டா, உலர்ந்த கோழிக்கறி. புரோட்டா மாவு உள்ளே போய் உருண்டு நிற்கும், செங்கோட்டைப் பக்கம் பார்டர் கடைகளுக்குப் போகிற ஆசை இருந்தால் அங்கே கோழியைக் குழம்பில் ஊறவைத்து நாலு வாய் சாப்பிடுங்கள், புரோட்டாவை விட்டுவிடுங்கள். புதுச் சாமான் எதுவானாலும் ஒரு நாளைக்கு ஒன்று மட்டும், வீட்டில் இருக்கும்போது, இரண்டு ஸ்பூன். ஒத்துக்கொள்ளாவிட்டால் எது காரணம் என்று அப்போதுதான் தெரியும். இன்றைக்கு ஒத்துக்கொள்ளாதது ஒரு மாதம் கழித்து ஒத்துக்கொள்ளலாம், அதனால் அடியோடு ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

மூன்றாவது படி: மெதுவாகச் சாப்பிடுவது, நடுவில் குடிக்காமல் இருப்பது

என்னைக் கேட்டால் இந்த ஒரு பழக்கம் நிலைத்துவிட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நம்ம வீடுகளில் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் சொம்புத் தண்ணீர் இருந்தே ஆகும், இலையில் உட்கார்ந்தால் முதலில் வைப்பதே தண்ணீர்தான். அதைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. சாப்பிடும்போது குடிக்கக்கூடாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். தண்ணீரும் சாப்பாடும் சேர்ந்தால் சின்ன வயிறு வலிக்கும், வாந்தி வரும், இல்லையென்றால் சாப்பாட்டைச் சீக்கிரமே கீழே தள்ளிவிட்டுச் சீக்கிரமே பசிக்கவைக்கும்.

எப்படிப் பழகுவது? சொம்பைச் சாப்பாட்டு இடத்திலிருந்து எடுத்து வேறு ரூமில் வைத்துவிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் போனில் அரை மணி நேர அலாரம். இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள்.

அது பழகியதும் மெல்லுவதற்கு வாருங்கள். ஒரு வாய்க்கு இருபது முப்பது தடவை மெல்ல வேண்டும், கூழாகிய பிறகே விழுங்க வேண்டும், ஒரு சாப்பாட்டுக்கு இருபது முதல் முப்பது நிமிடம். கையால் பிசைந்து அள்ளும்போது நம்மை அறியாமல் பெரிய கவளமாக வந்துவிடும், அதனால் முதல் சில மாதம் குழந்தைகளுக்கு ஊட்டுகிற சின்ன ஸ்பூனால் சாப்பிடுங்கள், தட்டும் சின்னதாக இருக்கட்டும். ஒரு வாய் வைத்ததும் ஸ்பூனைக் கீழே வையுங்கள். டிவி சீரியல் ஓடும்போது சாப்பிட்டால் எண்ணிக்கையும் போய்விடும், வயிறு சொல்வதும் கேட்காது. வயிறு நிறைந்ததற்கான அறிகுறி ஆளுக்கு ஆள் மாறும். அக்காவுக்கு ஒரு விக்கல் வரும், அண்ணாச்சிக்கு மூக்கு ஒழுகும். அந்த அறிகுறி வந்ததும் தட்டில் ஒரு வாய்தான் மிச்சம் என்றாலும் எழுந்துவிட வேண்டும். வீணாப் போகுதே என்று அந்த ஒரு வாயை உள்ளே தள்ளுவதில்தான் வாந்தி ஆரம்பிக்கிறது.

நான்காவது படி: தட்டில் முதலில் புரோட்டீன்

எடை வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுக்க நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன், பலருக்கு 80 கிராம் வரை சொல்வார்கள். நம்ம சாப்பாட்டில் அந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7, நூறு கிராம் வெந்த மீனில் சுமார் 20, நூறு கிராம் பன்னீரில் 18 அளவில், நூறு கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் 8 அல்லது 9. ஒரு இட்லியில் இரண்டு கிராம் தேறினால் அதிகம். காலையில் மூன்று இட்லி தின்றே வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

அதனால் தட்டில் எது முதலில் வாய்க்குப் போகிறது என்பதை மாற்றினால் போதும். முட்டை, மீன், பருப்பு, பன்னீர் முதலில், காய் அடுத்து, இடம் மிச்சமிருந்தால் சோறோ இட்லியோ. பட்டினி போடுகிற மாதிரி சோறே கூடாது என்று சொன்னால் எந்த நெல்லைக்காரரும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்க மாட்டார், வரிசையை மாற்றுவது தாங்கும். நம்ம உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் இதற்குத் தோதாக வரும்: அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டிக் குழைய வடியுங்கள், எள்ளில் கால்சியமும் உண்டு. கூட்டாஞ்சோற்றிலும் அதே மாதிரி பருப்பைக் கூட்டிவிடலாம்.

மாத்திரை மட்டும் வரிசையில் காத்திருக்காது

மற்ற பழக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிக்கலாம், மாத்திரையை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே பிடித்தாக வேண்டும். பொதுவாக எழுதிக் கொடுப்பவை: மல்டிவைட்டமின், நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியம், வைட்டமின் டி, பி12, இரும்பு. பி12 மாத்திரையாகவும் வரும், மாதம் ஒரு ஊசியாகவும் போடுவார்கள்.

கால்சியத்தை ஒரே தடவையில் விழுங்கினால் உடம்பு முழுக்க எடுத்துக்கொள்ளாது, ஒரு தடவைக்கு 500 முதல் 600 மில்லிகிராம் என்று பிரித்துப் போட வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும், இரண்டும் சேர்ந்தால் இரும்பு ஒட்டாது. காபி, டீயும் இரும்பைத் தடுக்கும், காலைக் காபியோடு இரும்பு மாத்திரை போட்டால் பணம்தான் வீண். மெடிக்கலில் கால்சியம் என்று கேட்டால் பெரும்பாலும் கார்பனேட் எடுத்துத் தருவார்கள், அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், உங்களுக்கு அது குறைவு. அட்டையில் சிட்ரேட் என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் சுவரில் மாட்டிய தினசரி காலண்டர்தான் கணக்குப் புத்தகம். காலையில் தேதித் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கம் காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்று நாலு கோடு. மாத்திரை போட்டதும் ஒரு டிக். ராத்திரி அந்தத் தாள் ஒரு டப்பாவுக்குள் போகும். அடுத்த செக்கப்புக்கு அந்தக் கட்டை அப்படியே கொண்டுபோய் டயட்டீஷியன் மேஜையில் வைத்தோம், அவர்கள் ஒவ்வொரு தாளாகப் புரட்டி மதிய டிக் எங்கெங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துக் கால்சிய நேரத்தையே மாற்றிக் கொடுத்தார்கள்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் ஜாக்கிரதை. ஆபரேஷனுக்குப் பிறகு சர்க்கரை சில நாளிலேயே சட்டென்று இறங்கலாம், பழைய அளவு இன்சுலினே போட்டால் மயக்கம் வரும். அளவை யார் குறைப்பார், யாருக்குப் போன் போட வேண்டும் என்று டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். முட்டு வலி, தலைவலி என்றால் மெடிக்கலில் போய் வலி மாத்திரை வாங்கிப் போடுகிற வழக்கத்தையும் விட வேண்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரியானவை, முக்கியமாக பைபாஸ் ஆனவர்களுக்கு, இணைத்த இடத்தில் புண் உண்டாக்கும். சிகரெட்டும் அதே புண்ணைக் கொண்டுவரும்.

ஐந்தாவது படி: நடை, அப்புறம் தசை

ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ நடக்கவைத்துவிடுவார்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க. வீட்டுக்கு வந்ததும் முற்றத்துக்கும் அடுப்படிக்கும் இடையில் ஐந்து நிமிடம், நாளுக்கு நாலைந்து தடவை. வாரத்துக்கு வாரம் ஐந்து நிமிடம் கூட்டினால் ஒன்றரை மாதத்தில் அரை மணி நேரம் ஒரே நடையாக வரும். பாளையில் இருக்கிறவர்களுக்கு வ.உ.சி. மைதானம் இருக்கிறது, டவுண்காரர்கள் விடியற்காலையில் நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளைச் சுற்றலாம், கிராமத்தில் வாய்க்கால் கரை இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.

முதல் நாலு முதல் ஆறு வாரம் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் தூக்கக்கூடாது. ஆற்றுக் குளியலும் குற்றாலமும் காயம் முழுக்க ஆறி டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான்.

நடை நிலைத்த பிறகு தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிறைத்த பாட்டிலைத் தூக்குவது, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்பது இலக்கு.

ஆறாவது படி: அல்வாவும் மிக்சரும்

அல்வா இல்லாத நெல்லையை நான் உங்களிடம் கேட்கவில்லை. ஆனால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த அந்தத் துண்டு, பைபாஸ் ஆனவருக்கு வயிற்றில் நிற்காமல் நேராகக் குடலில் விழும். குடல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், வயிற்றைப் பிடித்து இழுக்கும், பேதி போகும். இதற்கு டம்பிங் என்று பெயர். இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும்: சர்க்கரை ஏறியதைப் பார்த்து இன்சுலின் அதிகமாகச் சுரந்து, ரத்தச் சர்க்கரை சரிந்து, கை நடுக்கமும் மயக்கமும் பேய்ப்பசியும் எடுக்கும். ஸ்லீவ் ஆனவர்களுக்கு இது குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. கருப்பட்டி போட்டாலும் இதே கதைதான், உடன்குடிக் கருப்பட்டிக் காபியைச் சர்க்கரை இல்லாத காபி என்று கணக்குப் போடாதீர்கள்.

டம்பிங்காவது உடனே தண்டித்துவிடுகிறது. எனக்கு அதைவிடப் பயம் சாயங்கால மிக்சர், காராச்சேவு, முறுக்கு, பிஸ்கட்டில்தான். இவை வாயில் கரைந்து சுலபமாக இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது, ஒரு மணி நேரம் கொறித்துக்கொண்டே இருக்கலாம். ஆபரேஷனைத் தோற்கடிப்பது பெரும்பாலும் விருந்து அல்ல, இந்தக் கொறிப்புதான். சாயங்காலம் நாலு மணிக்கு என்று ஒரு சின்னச் சாப்பாட்டை நீங்களே வைத்துவிடுங்கள்: ஒரு கைப்பிடி நன்றாக வெந்த சுண்டல், அல்லது ஒரு முட்டை, அல்லது கெட்டித் தயிர். அதற்கு ஒரு நேரமும் கிண்ணமும் இருந்தால் கை டப்பாவைத் தேடாது. மிக்சர் டப்பாவை வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பது குடும்பத்தின் பங்கு, ஆபரேஷன் ஆனவரின் மன உறுதியை மட்டும் நம்பி அதை அலமாரியில் வைப்பது அநியாயம்.

டாஸ்மாக் பக்கமும் ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குப் பிறகு மது வேகமாக ரத்தத்தில் ஏறும், கொஞ்சத்திலேயே தலைக்கேறும், சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைச் சிலர் அங்கே தேடப் போய்ப் புது அடிமைத்தனம் வருவதும் உண்டு.

ஏழாவது படி: சொந்தபந்தம்

இதுதான் நம்ம ஊரில் கடினமான படி. "என்ன இப்படி வத்திப் போயிட்டீய, சீக்காளி மாதிரி இருக்கு, நல்லாச் சாப்புடுங்க" என்று ஒருவர். "பச்சப்பிள்ளைக்கு வைக்க மாதிரி வச்சிருக்க, இன்னும் ரெண்டு கரண்டி வையிம்மா" என்று இன்னொருவர். எல்லாம் பிரியத்தில் வருவது, முகத்தில் அடித்த மாதிரி மறுக்க முடியாது. முன்கூட்டியே ஒரு பதிலைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அக்கா சொல்வது: "பெரியம்ம, டாக்டர் அளவு சொல்லியிருக்காரு. இது செமிக்கட்டும், பொறவு நானே கேட்டு வாங்கிக்கிடுதேன்." எதிர்த்துப் பேசியதாகவும் இருக்காது, பரிமாறுகிற கையும் நின்றுவிடும். ஆபரேஷன் விஷயத்தை எல்லாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் பந்தியில் பக்கத்தில் உட்காருகிற ஒருவருக்காவது தெரிந்திருந்தால் அவர் உங்களுக்காகப் பேசுவார்.

கல்யாண வீட்டுக்குப் போகுமுன் வீட்டில் ஒரு முட்டையோ ஒரு டம்ளர் புரோட்டீன் பாலோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சைவ வீட்டு மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி வந்தால் அதிலிருக்கிற பாசிப்பருப்பையும் காயையும் எடுத்துக்கொண்டு தேங்காய்ப் பாலைக் குறைத்துவிடுங்கள், ஆரம்ப மாதங்களில் அந்தக் கொழுப்பு குமட்டும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் கறி நன்றாக வெந்திருக்கிறதா என்று பார்த்து இரண்டு துண்டை மென்று சாப்பிட்டால் போதும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்கள் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், தண்ணீரும் உங்கள் சாப்பாட்டு டப்பாவும் கூடவே வரட்டும். முதல் வருடத்தில் ரம்ஜான் நோன்போ கந்தசஷ்டி விரதமோ இருக்க நினைத்தால் சர்ஜனைக் கேட்காமல் தொடங்காதீர்கள், தண்ணீர் குறைவதும் மாத்திரை விட்டுப்போவதும் இரண்டுமே ஆபத்து.

கல்யாணம் ஆன பெண்களுக்கு வேறொரு நெருக்கடி உண்டு. எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகிக் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு கூடும், "விசேஷம் உண்டா" என்று கேட்பதும் கூடும். 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள், எடை இறங்கும் வேகத்தில் குழந்தைக்குச் சத்து போதாது. பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், காப்பர் டி மாதிரி வேறு வழி பற்றிப் பேசுங்கள். மாமியாரிடம் இதை விளக்குவது கணவரின் வேலை.

மனசு, முடி, எடை மெஷின்

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் முடி கொட்டும், சீப்பில் கொத்தாக வரும். உடம்புக்கு ஏற்பட்ட அதிர்ச்சியும் வேகமான எடைக் குறைவும் காரணம், பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். புரோட்டீனும் இரும்பும் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள், எண்ணெய் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

எடையை வாரம் ஒரு நாள் மட்டும் பாருங்கள். சில வாரத்திலேயே எடை அப்படியே நிற்கும், எல்லாருக்கும் நடப்பது, சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். இடுப்பளவையும் பழைய ரவிக்கையோ சட்டையோ எப்படிச் சேர்கிறது என்பதையும் கூடப் பார்த்துக்கொண்டால் தைரியம் வரும். சந்தோஷத்துக்கும் சாப்பாடு, துக்கத்துக்கும் சாப்பாடு என்று வாழ்ந்தவருக்கு அந்த வாசல் சட்டென்று மூடியதும் ஒரு வெறுமை வரும். அழுகை, தூக்கமின்மை, யாரோடும் பேசப் பிடிக்காமல் போவது சில வாரம் நீடித்தால் மனநல டாக்டரைப் பாருங்கள், தயங்காமல்.

எப்போது ஓட வேண்டும்

முதல் வாரங்களில் காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டித் துடிப்பது, குறையாத வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது, கறுப்பாக மலம் போவது: எதுவானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரியானாலும். வாந்தி நிற்காமல் தண்ணீரே தங்காவிட்டால் நீர் வற்றுவது மட்டுமல்ல, தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோய் நரம்பையும் மூளையையும் பாதிக்கும், பார்வை இரட்டையாகத் தெரிவதும் நடை தள்ளாடுவதும் அதன் அறிகுறி. அப்படிப் போகும்போது ஆபரேஷன் ஆனதைச் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் வேண்டுமா என்று கேளுங்கள். வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், எடை வேகமாக இறங்கும்போது அது வரும். பைபாஸ் ஆகி வருடங்கள் கழித்துத் திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி வந்தால் வாயு என்று ஓமவாட்டர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், உள்ளே குடல் சிக்கியிருக்கலாம்.

திசையன்விளை, ராதாபுரம் பக்கமிருந்து நெல்லைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். 108-ல் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ வேறு எங்கோ போய்ச் சேர்ந்தாலும், என்ன ஆபரேஷன், எந்தத் தேதி என்று அங்கிருக்கிற டாக்டருக்கு உடனே தெரிய வேண்டும்.

அவசரம் ஒன்றும் இல்லாவிட்டாலும் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், பிறகு வருடத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை உண்டு: ஹீமோகுளோபின், இரும்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று மூன்றாம் வருடம் இதை விடுகிறவர்கள்தான் கால் மரத்துப்போய், ரத்தம் குறைந்து வந்து நிற்கிறார்கள்.

இரண்டு வருடம் தாண்டியதும் இறங்கிய எடையில் கொஞ்சம் திரும்ப ஏறுவது இயல்பு. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் ஒரு வாரம் வாய்க்குள் போவதை எல்லாம் காலண்டர் தாளில் எழுதிப் பாருங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் திரும்ப வந்துவிட்டதா, புரோட்டீன் பின்னால் போய்விட்டதா, சாயங்காலக் கொறிப்பு தொடங்கிவிட்டதா என்று அதிலேயே தெரியும், எது நழுவியதோ அந்த ஒன்றை மட்டும் முதலில் இரண்டு வாரம் சரிசெய்யுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அந்த மாதமே போங்கள். திட்டுவார்களோ என்று கூசிக்கொண்டு பத்து கிலோ ஏறும் வரை தள்ளிப்போட வேண்டாம். உள்ளே எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்ப்பதும், எடைக்கான மருந்து தொடங்குவதும், தேவைப்பட்டால் மறு ஆபரேஷன் பற்றிப் பேசுவதும் எல்லாம் இருக்கிறது, சீக்கிரம் போனால் பெரும்பாலும் மருந்தும் டயட்டும் மட்டும் போதுமா என்று முதலில் பார்ப்பார்கள்.